தளர்ந்த வாரில் ஒரு குதிரை: வெஸ்டர்ன் சவாரியைக் கற்று மகிழும் வழி

குதிரையின் மேல் முதன்முறை ஏறி அமரும் எவரும் தம்மை அறியாமலே கடிவாள வாரை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொள்வார்கள். குதிரை ஓரடி அசைந்தால் இன்னும் இறுக்குவார்கள். வெஸ்டர்ன் சவாரி என்று வழங்கும் பாணியை விரும்பிக் கற்க வருபவர் முதல் நாளிலேயே விடத் தொடங்க வேண்டிய பழக்கம் இதுதான். இந்தப் பாணியில் நன்கு பழகிய குதிரை, வார் தொய்ந்து தொங்கும் நிலையிலேயே, மேலிருப்பவரின் இடுப்பும் மூச்சும் கால்களும் சொல்வதைக் கேட்டு நடக்கும், ஓடும், நிற்கும், திரும்பும். ரெய்னிங், கட்டிங், பேரல் ரேசிங் என்று இதிலிருந்து கிளைத்த பிரிவுகள் பல இருந்தாலும், எதைத் தேர்ந்தாலும் அடிப்படை இந்தத் தளர்ந்த வார்தான்.

இந்தத் தளர்ச்சி அழகுக்காக வந்ததன்று, வேலைக்காக வந்தது. 1519இல் எர்னான் கோர்த்தேஸ் மெக்சிகோவில் இறங்கியபோது உடன் வந்த 16 குதிரைகளைத் தொடர்ந்து, ஸ்பானியர் அங்கே குதிரைகளையும் மாடுகளையும் பெருக்கினர். பரந்த புல்வெளிகளில் அந்த மாடுகளைக் குதிரையேறி மேய்த்தவர்கள் ‘வாக்கேரோ’ எனப்பட்டனர். ஸ்பானிய மொழியில் ‘வாக்கா’ என்றால் பசு. அமெரிக்க மேற்கின் கௌபாய்கள் தொழில் கற்றது இவர்களிடம்தான். லாசோ என்னும் சுருக்குக் கயிறும், ரோடியோ என்னும் சொல்லும், வாயில் இரும்பு இல்லாத ஹாக்கமோர் கடிவாளமும் அங்கிருந்து வந்தவையே. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, டெக்சாஸிலிருந்து கான்சாஸின் ரயில் நிலையங்கள் வரை பெரும் மந்தைகளை வாரக்கணக்கில் ஓட்டிச் சென்ற காலத்தில், நாள் முழுவதும் சேணத்தில் இருந்தவனுக்கு ஒரு கை கயிற்றுக்கும், கதவைத் திறக்கவும், தொப்பியைப் பிடிக்கவும் தேவைப்பட்டது. மிச்சமிருந்த ஒரு கைக்குள் வார் அடங்கியாக வேண்டும். நொடிக்கு நொடி கட்டளை எதிர்பார்க்கும் குதிரை அவனுக்குப் பயன்படாது. இன்று போட்டிக் களத்தில் காணும் ஒவ்வொரு பிரிவும் அந்த மேய்ச்சல் நிலத்தில் குதிரை செய்த ஏதோ ஒரு வேலையின் மெருகேறிய வடிவம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், விதிகள் பலவும் தாமாகவே விளங்கும்.

சேணமும் அந்த வேலைக்காகவே வடிவெடுத்தது. ஆங்கிலப் பாணிச் சேணத்தைவிட இது மிகவும் கனமானது. பாரத்தைக் குதிரையின் முதுகில் அகலப் பரப்பி வைப்பதால், நீண்ட நேரச் சவாரியில் ஓரிடத்தில் அழுத்தம் குவிவதில்லை. முன்னால் நிமிர்ந்து நிற்கும் கொம்பு, பிடித்துக்கொள்வதற்கென்று வந்ததன்று. கயிற்றில் சிக்கிய மாட்டின் இழுவையைத் தாங்குவதற்கு வந்தது. ஆயினும் தடுமாறும் வேளையில் புதியவர் அதைப் பற்றிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரைப் பிடித்துத் தொங்கிக் குதிரையின் வாயைப் புண்ணாக்குவதைவிட, கொம்பைப் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆசிரியரும் குதிரையும்

குதிரை வாங்குவதைப் பற்றி முதல் ஆண்டில் நினைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பலரைச் சுமந்து பழகிய, பத்து வயதைத் தாண்டிய, எதற்கும் எளிதில் அதிராத பயிற்சிக் குதிரை ஒன்றும், பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் கிடைத்தால் தொடக்கத்திற்கு அதுவே போதும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்முன் மற்றவர்களுக்கு நடக்கும் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள். சேணம் போடும்போது குதிரை காதுகளைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வருகிறதா, நிற்கச் சொன்னதும் வாயைப் பிளந்து தலையை உயர்த்துகிறதா, மாணவரைத் தரையிலேயே குதிரையோடு சிறிது நேரம் பழக விடுகிறார்களா, அல்லது கட்டி வைத்த குதிரையின் மேல் நேரே தூக்கி உட்கார்த்துகிறார்களா என்பவற்றைக் கவனித்தால், விளம்பரம் சொல்லாத பலவும் தெரிந்துவிடும்.

உடை எளிது. தொடையில் மடிப்பு விழாத உறுதியான ஜீன்ஸ், அங்கவடிக்குள் பாதம் நழுவிப் போகாதபடி 3 அல்லது 4 சென்டிமீட்டர் குதிகால் உள்ள, வழுவழுப்பான அடிப்பாகம் கொண்ட பூட்ஸ், தலைக்குச் சரியாகப் பொருந்தும் குதிரையேற்றத் தலைக்கவசம் ஆகியவை வேண்டும். கௌபாய்த் தொப்பி படத்துக்கு அழகு. மண்டையைக் காக்க அது உதவாது. சைக்கிள் தலைக்கவசம் வேறு வகை விபத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் அதுவும் ஈடாகாது. எடையைப் பற்றிய பொது வழக்கு, சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதாகும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 100 கிலோ. சேணமே 15 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் உண்டு.

இந்தப் பாணியில் அதிகம் காணப்படுவது குவார்ட்டர் குதிரை. கால் மைல், அதாவது ஏறத்தாழ 400 மீட்டர் ஓட்டத்தில் வல்லதாக இருந்ததால் இப்பெயர் வந்தது. இதன் வம்சாவளிப் பதிவுக்கான அமெரிக்கச் சங்கம் 1940இல் தொடங்கப்பட்டது. பருத்த பின்னங்கால் தசைகள், தாழ்ந்த உடல், சட்டெனத் திரும்பும் சுறுசுறுப்பு, பெரும்பாலும் அமைதியான குணம் ஆகியவை இதன் இயல்புகள். புள்ளிகள் தெறித்த அப்பலூசாவும், திட்டுத்திட்டாக நிறம் படிந்த பெயிண்ட் குதிரையும் இதே களங்களில் ஓடுகின்றன. கற்கும் காலத்தில் இனத்தைவிடக் குணமே முக்கியம்.

ஏறுவதற்கு முன்

குதிரை இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் அது பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும் மட்டும் அதற்குத் தெரிவதில்லை. எனவே தோள்பட்டையை நோக்கிப் பக்கவாட்டில், குரல் கொடுத்துக்கொண்டு நெருங்க வேண்டும். பின்புறமாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தால், ஒன்று அதன் உடலில் கை வைத்தபடி மிக ஒட்டிச் செல்ல வேண்டும், இல்லையேல் உதைக்கு எட்டாத தூரம் விலகிச் செல்ல வேண்டும்; இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நடத்திச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்துப் பிடித்தால் குதிரை மிரளும்போது கயிறு உருவிக்கொண்டு போகும். சுற்றிப் பிடித்தால் கையோடு இழுத்துப் போகும். கட்டும்போது, ஹால்ட்டர் என்னும் இரும்பில்லாத தலைக்கட்டின் கயிற்றால், அசையாத கம்பத்தில், குதிரையின் தோள் மேட்டின் உயரத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். கடிவாள வாரால் கட்டுவது பெருந்தவறு.

முதுகையும், அடிவயிற்றில் பட்டை படும் இடத்தையும் நன்கு தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு, சேண மெத்தையைச் சற்று முன்தள்ளி வைத்துப் பின்னோக்கி இழுத்தால் முடி படிந்து கிடக்கும். சேணத்தை மேலே ஏற்றியதும், அதற்கு அடியில் மெத்தையின் நடுப்பகுதியை விரலால் சிறிது தூக்கிவிட வேண்டும். முதுகெலும்பின் மேல் காற்றுக்கு வழி கிடைக்கும். முன்புற அடிப்பட்டையை முதலில் மாட்டி, அதன் பிறகே பின்புறப் பட்டையையும், கடைசியாக மார்புப் பட்டையையும் பூட்ட வேண்டும். கழற்றும்போது இந்த வரிசை தலைகீழாகும். இது வெறும் சடங்கன்று: பின்பட்டை மட்டும் மாட்டியிருக்கும் நிலையில் குதிரை மிரண்டு நகர்ந்தால், சேணம் வயிற்றுக்கு அடியில் புரண்டு, குதிரை தன்னையே உதைத்துக்கொண்டு ஓடும். அடிப்பட்டையை ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று தவணையாக இறுக்குங்கள். பல குதிரைகள் இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். பத்தடி நடத்திவிட்டுப் பார்த்தால் பட்டை தொளதொளவென்று இருக்கும். ஏறுவதற்குச் சற்று முன் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது வாழ்நாள் பழக்கமாக வேண்டும்.

இருக்கையும் கையும்

ஏறியபின் உடல் நிற்க வேண்டிய ஒழுங்கைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் காதில் தொடங்கித் தோள், இடுப்பு, குதிகால் வரை ஒரு நேர்கோடு இழுத்துச் சரிபார்க்கலாம். திடீரென்று குதிரையை உருவி எடுத்துவிட்டால், நீங்கள் முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் தரையில் நிற்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவரைப்போல் பின்னே சாய்ந்து விழக் கூடாது. பாரம் உட்கார்ந்திருக்கும் எலும்புகளிலும் குதிகாலிலும் இறங்கட்டும். முழங்காலால் இடுக்கிப் பிடிப்பது பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் அது உடலை மேல்நோக்கிப் பிதுக்கிவிடும். பார்வை குதிரையின் பிடரியில் நிற்காமல், போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். தலை குனிந்தால் தோள் குனியும், தோள் குனிந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், அதைக் குதிரை உடனே உணரும்.

நடைகள் நான்கு. நடை என்பது நான்கு தாளம். ஜாக் என்பது மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து விழும் இரண்டு தாளம். ஆங்கிலப் பாணியின் ட்ராட்டைவிட மெதுவானது, எழுந்தெழுந்து அமராமல் உட்கார்ந்தபடியே கடப்பது. லோப் என்பது மூன்று தாளமுள்ள இலகுவான பாய்ச்சல். கேலப் என்பது முழுவேகம். முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தின் பெரும்பகுதியை நடையிலும் ஜாக்கிலும் செலவிடுவதே நல்லது. கண்ணை மூடி, எந்தப் பின்னங்கால் இப்போது தரையைத் தொடுகிறது என்று இடுப்பால் கண்டுபிடிக்கும் பயிற்சியை ஆசிரியர் குதிரையைப் பிடித்து நடத்தும்போது செய்துபாருங்கள். அது விளங்கிய நாளில் லோப்புக்குப் பாதி தயாராகிவிட்டீர்கள். லோப்பில் வட்டத்தின் உட்புற முன்னங்கால் மற்றதைவிட முன்னே நீள வேண்டும். இடது வட்டத்தில் இடது கால் முந்துவதற்கு, வெளிப்புறமாகிய உங்கள் வலது காலைச் சற்றே பின்னுக்கு வைத்து அழுத்திக் கேட்க வேண்டும்.

இனி கைக்கு வருவோம். இந்தப் பாணியின் அடையாளமான கழுத்து வார் முறையில், வார் வாயை இழுப்பதில்லை, கழுத்தைத் தொடுகிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கை சிறிது இடப்பக்கம் நகரும், வலப்பக்க வார் குதிரையின் வலக் கழுத்தில் படியும், அந்தத் தொடுகையிலிருந்து குதிரை விலகி இடப்பக்கம் திரும்பும். புதியவர் செய்யும் தவறு, குதிரை திரும்பவில்லையென்று கையை இன்னும் இன்னும் இழுத்துக்கொண்டே போவது. அப்போது வலப்பக்க வார் இறுகி, வாயிலுள்ள இரும்பை வலப்பக்கமே இழுக்கும். கழுத்து இடப்பக்கம் போ என்றும் வாய் வலப்பக்கம் போ என்றும் கேட்டுக் குதிரை குழம்பி, மூக்கை வெளியே நீட்டும். கை குதிரையின் கழுத்தகலத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்ல அளவு. அதற்குக் குதிரை பதில் தரவில்லையென்றால் காலால் கேளுங்கள். அல்லது இரு கைகளுக்கு மாறி இடது வாரை நேரே காட்டி உதவிவிட்டு, மறுபடி ஒரு கைக்கு வாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குதிரை கேட்ட கணத்திலேயே தொடுகையை எடுத்துவிடுவது. அழுத்தம் கேள்வி, அதன் நீக்கம்தான் பதிலுக்குக் கிடைக்கும் பரிசு. நீக்க மறந்த அழுத்தம் நாளடைவில் இரைச்சலாகிவிடும். குதிரை அதைக் கேட்பதை நிறுத்திவிடும்.

வாயிலிருக்கும் இரும்பின் வகையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்னாஃபிள் என்பது நெம்புகோல் இல்லாதது. நீங்கள் இழுக்கும் அளவே குதிரையின் வாய்க்குப் போய்ச்சேரும். கர்ப் என்பது கீழே நீளும் இரு தண்டுகளும் தாடைக்கு அடியில் ஒரு வாரும் கொண்டது. தண்டின் கீழ்ப்பகுதி மேற்பகுதியைப்போல் மூன்று மடங்கு நீளமாயின், கையின் இழுப்பும் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகும். அந்தப் பெருக்கம் கடுமைக்காக ஏற்பட்டதன்று. விரல் அசைவே போதும் என்ற நுண்மைக்காக ஏற்பட்டது. சமநிலைக்காக இன்னும் வாரைப் பற்றிக்கொள்ளும் கையில் கர்ப்பைக் கொடுப்பது குதிரைக்குச் செய்யும் கொடுமை. போட்டி விதிகளும் பொதுவாக இதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன: ஐந்து வயதுவரையுள்ள இளங்குதிரையை ஸ்னாஃபிளிலோ ஹாக்கமோரிலோ இரு கைகளால் ஓட்டலாம், அதன் பின் கர்ப்பும் ஒற்றைக் கையும். கலிபோர்னியாவின் பழைய மரபில் இந்த மாற்றம் ஸ்னாஃபிள், ஹாக்கமோர், ஹாக்கமோரும் இரும்பும் சேர்ந்த இரட்டை வார், கடைசியில் முழுக் கடிவாளம் என்று பல ஆண்டுகள் நீளும்.

நிற்கும் முறையை லோப்புக்கு முன்பே உடலில் ஏற்றிவிட வேண்டும். மூச்சை வெளியே விட்டு, இடுப்பைத் தளர்த்திச் சேணத்தில் ஆழ அமர்ந்து, ‘வோ’ என்று சொல்லி, அதன் பிறகே வாரைத் தொடுவது முறை. குதிரை மிரண்டு ஓடினால் இரு வார்களையும் சேர்த்து இழுப்பதால் பயனில்லை, அதன் கழுத்து உங்கள் கையைவிட வலியது. ஒரு வாரை மட்டும் சுருக்கி, கையைத் தொடைக்குக் கொண்டுவந்து, அதன் தலையை மெல்ல ஒரு பக்கம் வளைத்தால், பின்னங்கால் விலகி, முன்னே பாயும் வலு குறைந்து, குதிரை சிறு வட்டமாகச் சுற்றி நிற்கும். இதை நின்றபடியும் நடையிலும் நூறு முறை பழகியிருக்க வேண்டும். முழுவேகத்தில் திடீரென்று தலையை வளைத்தால் குதிரை கால் இடறி விழக்கூடும்.

பிரிவுகள்

ரெய்னிங்கை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்றவை பலவற்றின் இலக்கணம் அதில் அடங்கியிருப்பதுதான். முன்னரே வகுத்த ஒரு வரைபடத்தின்படி, பெரிய வேக வட்டங்களும் சிறிய மெதுவான வட்டங்களும், லோப்பிலேயே முன்னங்காலை மாற்றும் மாற்றங்களும், நான்கு முறை நின்ற இடத்திலேயே சுழலும் சுழற்சியும், நின்ற கணமே எதிர்த்திசையில் பாயும் ரோல்பேக்கும், குறைந்தது 3 மீட்டர் பின்னோக்கி நடப்பதும், எல்லாருக்கும் தெரிந்த வழுக்கி நிற்றலும் இதில் வரும். அமெரிக்காவில் இதற்கான தேசியச் சங்கம் 1966இல் தோன்றியது. 2002இல் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் நடந்த உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளில் இது முதன்முறை இடம்பெற்றது. மதிப்பெண் 70இல் தொடங்குகிறது. ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒன்றரை கூடலாம் அல்லது ஒன்றரை குறையலாம். சுழற்சி கால் சுற்றுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ அந்த ஓட்டத்துக்கே மதிப்பெண் 0.

காணொளிகளைப் பார்த்து வருபவர்கள் எல்லாரும் வழுக்கி நிற்பதையே முதலில் கேட்பார்கள். அதற்குப் பின்னங்குளம்பில் அகன்ற வழவழப்பான தனி லாடமும், அடியில் கெட்டியாகவும் மேலே தளர்வாகவும் பதப்படுத்திய மண்ணும், பல மாதம் பழக்கிய முதுகும் வேண்டும். இவை இல்லாத குதிரையை வழுக்கச் சொன்னால் பின்னங்கால் மூட்டு கெடும். தொடங்குபவருக்கு உரியது வட்டம். 20 மீட்டர் விட்டத்தில் நான்கு கூம்புகளை நட்டு, ஒற்றைக் கையால், ஒரே வேகத்தில், ஒரே கோட்டில் ஐந்து முறை சுற்றி வாருங்கள். பிறகு வாரைத் தொடாமல், மூச்சை விட்டு உடலைத் தாழ்த்தி வேகத்தைக் குறைக்க முயலுங்கள். சலிப்பாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில்தான் ரெய்னிங்கின் பாதி இருக்கிறது.

கட்டிங்கின் இன்பம் வேறு. மந்தைக்குள் மெல்ல நுழைந்து ஒரு மாட்டைப் பிரித்து வெளியே கொண்டுவந்தபின், சவாரி செய்பவர் வார் பிடித்த கையைக் குதிரையின் கழுத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் மந்தைக்குத் திரும்பத் துடிக்கும் மாட்டைக் கண்ணால் அளந்து, தாழ்ந்து, இடமும் வலமும் எதிரொலிபோல் பாய்ந்து தடுப்பது முழுக்கக் குதிரையின் அறிவு. ஓட்டத்துக்கு இரண்டரை நிமிடம். உள்ளே நான்கு துணைவர்கள், இருவர் மந்தையைப் பிடிக்கவும் இருவர் மாட்டைத் திருப்பவும். நடுவர் 60க்கும் 80க்கும் இடையில் மதிப்பெண் இடுவார். பிரித்த மாடு மந்தைக்குள் தப்பினால் ஐந்து குறையும். இங்கே கொம்பை மறு கையால் பிடிப்பது விதிக்கு உட்பட்டது மட்டுமன்று, தேவையும்கூட: இழுக்காமல் முன்னோக்கித் தள்ளினால் இடுப்பு சேணத்தில் ஆழ இறங்கி, குதிரை திரும்பும்போது உடல் பின்தங்காது. மாட்டின் கழுத்தைப் பாருங்கள், குதிரையின் தலையைப் பாராதீர்கள். உயிருள்ள மாட்டுக்கு முன், கம்பியில் இழுபடும் கொடியை வைத்துப் பழகும் ஏற்பாடு பல பயிற்சிக் களங்களில் உண்டு.

ரெய்னிங்கையும் மாட்டு வேலையையும் இணைத்தது ரெய்ன்ட் கவ் ஹார்ஸ். வேலி ஓரமாக முழுவேகத்தில் ஓடும் மாட்டை முந்தித் திருப்பும் அதன் பகுதியைப் பார்ப்பதே மூச்சை நிறுத்தும். அதைக் கற்பது பல ஆண்டுகள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

பேரல் ரேசிங்கின் விதி ஒரு வரியில் முடிந்துவிடும்: முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களை க்ளோவர் என்னும் மூவிலைப் பூண்டின் இலை வடிவில் சுற்றி, குறைந்த நேரத்தில் திரும்ப வேண்டும். முழு அளவுக் களத்தில் முதல் இரு பீப்பாய்களுக்கு இடையே 90 அடி, அவற்றிலிருந்து மூன்றாவதுக்கு 105 அடி, தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பீப்பாய்க்கு 60 அடி. பீப்பாய் விழுந்தால் ஐந்து நொடி கூடும். வெற்றி தோல்வி நொடியின் நூற்றில் ஒரு பங்கில் தீரும் ஆட்டத்தில் ஐந்து நொடி என்பது முழுத் தோல்வி. 1948இல் டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தொடங்கிய சங்கம் இதை வளர்த்தது. வலப்பக்கப் பீப்பாயை முதலில் எடுத்தால் ஒரு வலத் திருப்பமும் இரு இடத் திருப்பங்களும் வரும். குதிரைக்கு எளிதான பக்கம் எதுவென்று பார்த்து முடிவு செய்யலாம். பீப்பாயை நெருங்கும்போது ஒன்றரை, இரண்டு மீட்டர் இடம் விட்டு நுழைந்து, ஒட்டி வெளியேறுவதே வழி. பீப்பாயைப் பார்த்தபடி திரும்பினால் முழங்கால் அதில் மோதும்; திருப்பத்தின் பாதியிலேயே பார்வை அடுத்த பீப்பாய்க்குப் போய்விட வேண்டும். வாரக்கணக்கில் நடையிலும், பின் ஜாக்கிலும் மட்டும் ஓட்டுங்கள். முதல் மாதமே வேகம் பழக்கிய குதிரை வாயிலைக் கண்டாலே நடுங்கித் துள்ளத் தொடங்கும். அதைக் குணப்படுத்துவது புதிதாகப் பழக்குவதைவிடக் கடினம்.

கயிறு வீசும் டீம் ரோப்பிங்கில் ஒருவர் மாட்டின் கொம்பையும் மற்றவர் பின்னங்கால்களையும் பிடிப்பர். ஒரு பின்னங்கால் மட்டும் சிக்கினால் ஐந்து நொடியும், மாட்டுக்கு உரிய முன்னோட்டம் முடியும்முன் பாய்ந்தால் பத்து நொடியும் தண்டம். தரையில் நின்று, கொம்பு பொருத்திய பொம்மைத் தலைமேல் ஆயிரம் முறை வீசிய பிறகே குதிரையேறி வீச வேண்டும். கயிற்றைச் சேணக் கொம்பில் சுற்றும்போது கட்டைவிரலை மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் இழந்த கயிற்று வீரர்கள் இந்த விளையாட்டில் இருக்கிறார்கள்.

போட்டியின் படபடப்பைவிடக் கூட்டாளிகளோடு சிரித்து விளையாட விரும்புபவர்க்கு ராஞ்ச் சார்ட்டிங்கைப் பரிந்துரைப்பேன். எண் ஒட்டிய பத்து மாடுகளை, சொல்லப்பட்ட எண்ணில் தொடங்கி வரிசை மாறாமல், இருவர் சேர்ந்து ஒரு தொழுவத்திலிருந்து மறு தொழுவத்துக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலும் நடையிலும் ஜாக்கிலும் நடப்பதால் புதியவரும் ஈடுகொடுக்கலாம். டிரெயில் வகுப்பு, கதவைச் சேணத்தில் இருந்தபடியே திறந்து மூடுவது, மரப்பாலம் கடப்பது, கட்டைகளுக்கு இடையே பின்னோக்கி நடப்பது என்று நிதானத்தைச் சோதிக்கும். வீட்டுக் களத்திலேயே நாலு கட்டைகளை வைத்து அமைத்துக்கொள்ளலாம். வெஸ்டர்ன் பிளெஷர் என்பது தளர்ந்த வாரில் நடை, ஜாக், லோப் மூன்றின் இனிமையைக் காட்டுவது. தலையை முழங்காலளவு தாழ்த்தித் தாளம் கெட்டு இழுத்து நடக்கும் குதிரைகளுக்குப் பரிசு போன காலமும் அதற்கு உண்டு, அந்தப் போக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலப் பாணியின் நுண்நடைக் கலையான டிரஸ்ஸாஜின் படிப்படியான பயிற்சியை இந்தச் சேணத்துக்குக் கொண்டுவந்த வெஸ்டர்ன் டிரஸ்ஸாஜுக்கான சங்கம் 2010இல் அமெரிக்காவில் அமைந்தது. வயது முதிர்ந்து தொடங்குபவர்க்கும், வேகம் விரும்பாத குதிரைக்கும் அது மிகவும் பொருந்தும். குதிரையேறிப் பலூன்களை வெற்றுத் தோட்டாவால் சுடும் மவுண்டட் ஷூட்டிங் என்றொரு பிரிவும் இருக்கிறது. துள்ளும் குதிரைமேல் எட்டு நொடி அமரும் ரோடியோ ஆட்டம் சவாரிக் கல்வியில் சேர்ந்ததன்று.

களத்துக்கு வெளியே

எந்தப் போட்டியும் வேண்டாம் என்று முடிவு செய்து, காட்டுத் தடத்திலும் வயல் ஓரத்திலும் மணிக்கணக்கில் சவாரி போவதும் இந்தப் பாணியின் முழுமையான வடிவமே. இந்தச் சேணம் உருவானது அதற்காகத்தான். வரிசையாகச் செல்லும்போது முன் குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் இடையே குறைந்தது ஒரு குதிரை நீளம் விடுங்கள். மேடு ஏறும்போது சற்று முன்சாய்ந்து வாரைத் தளர விடுங்கள். இறங்கும்போது உடலை மரம்போல் செங்குத்தாக வைத்து, வழியைக் குதிரை தேர்ந்தெடுக்க விடுங்கள். மிரட்டும் பொருளைக் கண்டு அது நின்றால் அடிக்க வேண்டாம். பார்க்கவும் மோந்துபார்க்கவும் நேரம் கொடுத்து, ஓரடி முன்வைத்ததும் வாரைத் தளர்த்துங்கள். திரும்பும் வழியில் லாயம் தெரிந்ததும் ஓட விட்டால், அடுத்த முறை அது உங்களைக் கேட்காமலே ஓடும். கடைசி ஒரு கிலோமீட்டரை எப்போதும் நடையிலேயே கடக்க வேண்டும்.

எந்தப் பிரிவைத் தேர்வது என்ற கேள்விக்கு, உங்கள் விருப்பத்தோடு, ஏறும் குதிரையின் நாட்டத்தையும் பார்ப்பது நல்லது. மாட்டைக் கண்டதும் காதை முன்னே நீட்டி உடலைத் தாழ்த்தும் குதிரையை வட்டத்திலேயே சுற்ற வைப்பதும், மாட்டுக்கு அஞ்சும் குதிரையை மந்தைக்குள் தள்ளுவதும் இருவருக்கும் துன்பம். ஒரு பருவம் முழுவதும் வட்டம், நிறுத்தம், பின்னடை, கதவு திறத்தல் என்று அடிப்படைகளைப் பழகிவிட்டு, அதன் பிறகு இரண்டு மூன்று பிரிவுகளில் ஒவ்வொரு பயிற்சி முகாமுக்குப் போய்ப் பார்த்தால், எது உங்களை மறுநாளும் இழுக்கிறது என்று உடலே சொல்லிவிடும்.

சவாரி முடிந்ததும் பத்து நிமிடம் வாரை முழுவதும் விட்டு நடத்தி, மூச்சு அடங்கியபின் இறங்கி, மார்புப் பட்டை, பின்பட்டை, முன்பட்டை என்ற வரிசையில் கழற்றுங்கள். மெத்தையை எடுத்ததும் உடனே தண்ணீர் ஊற்றாமல், முதுகில் பதிந்திருக்கும் வியர்வைத் தடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். முதுகெலும்பை ஒட்டிய நடுக்கோடு காய்ந்திருந்து, இரு பக்கமும் சீராக நனைந்திருந்தால் சேணம் பொருந்தியிருக்கிறது. நனைந்த பரப்பின் நடுவே உள்ளங்கையளவு காய்ந்த திட்டு, அதுவும் தோள் எலும்புக்குப் பின்னே, தெரிந்தால் அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம். விரலால் அழுத்திப் பார்த்துக் குதிரை முதுகைத் தாழ்த்திக்கொள்கிறதா என்று கவனியுங்கள். தாழ்த்தினால், வேறு சேணம் கிடைக்கும்வரை அந்தக் குதிரைக்கு விடுமுறை.